நெடுமாறன் வீட்டுத் திருஷ்டிப் படம்

திருஷ்டிப் படம் என்று இன்னொரு ஆள் சொன்னால் கையிலிருக்கிற பிரஷ்ஷை அவர் மேலேயே வீசிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குள் பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவதாகச் சொன்னவர் நெடுமாறன். அவர் மேல் வீச முடியாது. என் வீட்டுக்காரர் செங்குட்டுவன் நிலக்கரி மைன்ஸில் வேலை பார்ப்பது அந்த ஆளிடம்தான், கான்ட்ராக்ட்டில். உள்ளே போய்வருவதற்கான கேட் பாஸ் அவர் சொன்னால்தான் புதுப்பிக்கப்படும்.

நான் டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். பெயர் இளவேனில். மாம்பழம், பூந்தொட்டி, இரண்டு மலைக்கு நடுவே சூரியன், இதைத்தான் வருஷம் பூராவும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் வராந்தாவில் மாட்டியபோது கடைசிச் சுவர் காலியாக நின்றது. "உங்களோடது ஏதாவது இருந்தா மாட்டுங்களேன் மிஸ்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் டெய்சி மேடம். மாட்டினேன். மூன்று மாதம் வரைந்த படம், வீட்டுச் சுவரில் சாய்ந்தே கிடந்தது, நாலு பேர் பார்க்கட்டுமே என்று ஓர் ஆசை.

ஆறடிக்கு நாலடி ப்ளைவுட்டில் எனாமல் பெயின்ட். நடுவில் ஓர் உருவம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியின் நிறம் அதன் உடம்புக்கு. வாயைத் திறந்திருக்கும். ஒவ்வொரு பல்லும் மைன்ஸில் மண் அள்ளுகிற மெஷினின் வாளி. நாற்று நட்ட வயல் ஒன்றைப் பாய்போலச் சுருட்டி அந்த வாய்க்குள் திணித்திருப்பேன், பாதி உள்ளே, பாதி வெளியே. இரண்டு கையிலும் மோதிரங்கள். ஒவ்வொரு மோதிரத்திலும் ஒரு மனிதன் கழுத்தை நுழைத்துக்கொண்டு, முகம் தெரியாமல் தலை கவிழ்ந்து தொங்குவான், நெஞ்சில் கேட் பாஸ் ஆடும். ஆள்காட்டி விரல் மோதிரத்தில் மட்டும் பெரிய பச்சைக் கல். கண் இரண்டும் வெறும் வெள்ளை. கருவிழி வைக்கவில்லை. பேராசைக்குக் கண் கிடையாது என்பது என் எண்ணம்.

எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா அம்சவல்லி வளையமாதேவிப் பக்கம் அடுத்தவர் வயலில் முப்பது வருஷம் நாற்று நட்டவள். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நிலத்துக்காரருக்கு நஷ்டஈடு வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை, அவள் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. போனது அவளுக்கு நிலமில்லை, வேலை. அதற்குக் கணக்கு எழுத யாரிடமும் நோட்டு இல்லை. நெடுமாறன் அப்போது நிலத் தரகர். எங்கே எடுக்கப்போகிறார்கள் என்பதை எப்படியோ முன்கூட்டியே மோப்பம் பிடித்து, விவரம் தெரியாதவர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டவர். பிறகு அதே ஊர்களில் வேலை போனவர்களைத் திரட்டி லேபர் கான்ட்ராக்ட் எடுத்தார். வயலைத் தின்றார், வயலில் வேலை செய்தவர்களை விரலில் மாட்டிக்கொண்டார். அந்தப் பச்சைக் கல் மோதிரம் அவருடையது. அது தெரிந்துதான் வரைந்தேன்.

அம்மா ஆயுசு முழுக்கக் கூலி நெல்லை நிலத்துக்காரர் வீட்டின் பின்வாசலில்தான் வாங்கினாள். அந்த வீட்டின் முன்வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இப்போது அவள் இல்லை.

ஆண்டு விழாவுக்கு நெடுமாறன் தன் மகளோடு வந்தார். பிள்ளைகளின் மாம்பழங்களையெல்லாம் தாண்டி வந்து கடைசிச் சுவரின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தூண் பக்கம் போனேன், திரும்பி வந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி தூண் பக்கம் போனேன். புரிந்துவிட்டது, இனி என்ன ஆகுமோ என்று ஒரு பயம். கடைசியில் ஓர் ஆளுக்காவது புரிந்ததே என்று அதன் அடியில் ஒரு சந்தோஷம்.

"இத யாரும்மா வரைஞ்சது?"

"நான்தாங்க சார்."

"செங்குட்டுவன் சம்சாரம்தான நீ? சூப்பரா இருக்குதும்மா. இந்த மாதிரி ஒண்ணத்தான் தேடிக்கினு இருந்தேன். கடையில விக்கிற திருஷ்டிப் படமெல்லாம் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு, பாத்தா சிரிப்புதான் வருது. இதப் பாத்தா வயித்தக் கலக்குது."

"சார், இது திருஷ்டிப் படம் இல்லீங்க."

"பின்ன?"

பதில் என்னிடம் இருந்தது. மூன்று மாதமாகப் பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில். "சும்மா ஒரு கற்பனை சார்" என்றேன். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"கற்பனையோ இன்னாவோ. காடாம்புலியூர் தாண்டி ரோட்டு மேல புது வூடு கட்டிக்கினு இருக்கேன். போறவன் வரவன் கண்ணெல்லாம் அது மேலதான். தை மாசம் கிரகப்பிரவேசம். வாசலுக்கு மேல இத மாட்டிட்டா ஒரு பய நிமிந்து பாக்க மாட்டான்." பிறகு விரலை நீட்டிக் காட்டினார். பச்சைக் கல் அந்த விரலில்தான் இருந்தது. "கண்ண ஏன் வெள்ளையா வுட்டுட்ட?"

"அது குருடு சார்."

"திருஷ்டிக்கு மாட்டறதுல கண்ணுதாம்மா மெயினு. பரவால்ல, மேல ஏத்தினப்புறம் நல்ல நேரத்துல நீயே வந்து கண்ணத் தொறந்து வுடு. ஒண்ணு, தொறந்த கண்ண அப்புறம் யாரும் தொடக் கூடாது. எங்கப்பா கட்டின வூட்டுலயும் அப்பிடித்தான் செஞ்சாரு."

தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே விலைக்கு வாங்கிப் பழகிய ஆள்.

சாயந்திரம் செங்குட்டுவன் ஷிப்ட் முடிந்து வரும்போதே முகமெல்லாம் பல். எங்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது, வடக்குத்து கிராமத்தில் ஒரு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு. சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். "ஓனரே கூப்ட்டுப் பேசினாரு. எம்பேரு அவருக்குத் தெரியுதுடி. உன் படம் கேட்டாராமே?"

"குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"அந்தப் படத்துல இருக்கறதே அவருதான்."

செங்குட்டுவன் சைக்கிளைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினார். "அவருன்னு எழுதியா வெச்சிருக்க? அவருக்கே தெரியல. உனக்கு மட்டுந்தான் தெரியும். அடுத்த மாசம் பாஸ் முடியுது. நாப்பத்தி ரெண்டு பேருக்கு முடியுது, முப்பது பேருக்குத்தான் போடப் போறாங்களாம். குடுத்துடு."

"அம்மாவ நெனச்சி வரைஞ்சதுங்க அது."

"உங்கம்மாவ நெனச்சி இன்னொண்ணு வரை. பாஸ் இன்னொண்ணு யாரு வரைவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பாகப் பேசியிருந்தால் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனசு ஆறியிருக்கும். கொடியில் காய்ந்த துணியை உதறி உதறி மடித்தேன். அனல்மின் நிலையத்திலிருந்து வந்து படிந்த சாம்பல் தூசு பறந்தது. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன்.

இரண்டு நாளில் ஒரு மினி லாரி பள்ளிக்கே வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போனது. வீட்டில் அது சாய்ந்திருந்த சுவரில் செவ்வகமாக ஓர் இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அங்கே காலண்டரை மாட்டினேன், கழற்றினேன், செங்குட்டுவனின் சட்டைகளை மாட்டினேன். பள்ளியில் ஒரு பிள்ளை மலைக்கு நடுவில் சூரியனைப் பச்சையாக அடித்ததற்குச் சத்தம் போட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் ஒரு தடவையாவது அந்தப் படத்தில் தன்னைப் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு நிமிஷம் கூசிப்போக வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பெயின்ட்டும். அவரோ அதை வாசலுக்குக் காவல் வைக்கிறார்.

தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். ஒன்பதரைக்கு நான் கண்ணைத் திறக்க வேண்டும். முந்திரித் தோப்பை அழித்துக் கட்டிய வீடு. மூன்று மாடி, ரோட்டைப் பார்த்த முகப்பு முழுக்கப் பளிங்கு. வாசல் நிலைக்கு மேலே, முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில், என் படம். தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே அது அந்நியமாகத் தெரிந்தது.

செங்குட்டுவனும் அவரோடு வேலை பார்க்கிற பதினைந்து பேரும் விடியலிலேயே வந்திருந்தார்கள். ஷிப்ட் இல்லாதவர்கள் எல்லாரும் வந்து உதவ வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு, அதுவும் கொல்லைப்புறத்துப் பந்தலில். வந்தவர்களை எண்ணிச் சரிபார்க்க வசதியாகப் பாஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். விசேஷ வீட்டில் மனுஷர்கள் பாஸ் மாட்டிக்கொண்டு நாற்காலி சுமப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏணியைச் சாய்த்தார்கள். நான் கறுப்புப் பெயின்ட்டைக் கலக்கிக்கொண்டிருந்தபோது நெடுமாறன் பட்டு வேட்டியோடு பக்கத்தில் வந்தார். என்ன தோன்றியதோ, நாலு மாதமாகத் தொண்டையில் நின்றது அப்போது வந்துவிட்டது.

"சார், ஒரு விஷயம். அந்தப் படத்துல இருக்கறது நீங்கதான்."

அவர் சிரித்தார். கோபமோ கூச்சமோ கொஞ்சமும் இல்லாத சிரிப்பு. "தெரியும்மா."

"என்னங்க?"

"எம் மோதிரம் எனக்குத் தெரியாதா? ஸ்கூல்ல பாத்தப்பவே தெரியும். அதனாலதான் வேணும்னேன். இந்த வழியா போறவன் ஒவ்வொருத்தனுக்கும் நான் யாருன்னு தெரியணும்மா. இவன்கிட்ட மோதினா முழுங்கிடுவான்னு தெரியணும். நீதான் சரியா வரைஞ்சிருக்க. போ, நேரமாவுது."

நான் ஏணியில் ஏறினேன். திட்டு என்று நினைத்து மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்ததை அந்த ஆள் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டுவிட்டான். இதற்கு மேல் அவனை எதை வைத்து வெட்கப்படுத்துவது? மேலே போய் அந்த வெள்ளைக் கண்களுக்கு நேரே நின்றேன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. பெயின்ட் டப்பாவை அவன் பளிங்கில் கவிழ்த்துவிட்டு இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். துடைத்தால் போய்விடும்.

"சீக்கிரம் முடிச்சிட்டு எறங்குடி, கைய வலிக்குது" என்றார் செங்குட்டுவன். ஏணியை அவர்தான் பிடித்திருந்தார். குனிந்து பார்த்தேன். மேலிருந்து தெரிந்தது அவர் உச்சந்தலையும், பிடரியில் பாஸின் நீல நாடாவும்தான். மோதிரத்தில் தொங்குகிற மனிதர்களை நான் இப்படித்தான் வரைந்திருந்தேன். அவர்களில் ஒருவனைத் தினமும் சோறு போட்டு அனுப்பிக்கொண்டே வரைந்திருக்கிறேன், முகம் மட்டும் வைக்காமல்.

கருவிழியை மேலே வைத்தால் பார்வை வானத்துக்குப் போகும். நடுவில் வைத்தால் தெருவுக்கு. எல்லாத் திருஷ்டிப் படத்துக்கும் நடுவில்தான் வைப்பார்கள், தெருவில் போகிறவன் கண்ணைத் தெருவிலேயே நிறுத்துவதற்காக. நான் பிரஷ்ஷை நன்றாகத் தோய்த்து, இரண்டு கருவிழியையும் கீழ் இமையை ஒட்டி வைத்தேன். பெரிதாக வைத்தேன்.

இறங்கி வந்து பார்த்தேன். அது நேராக வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. நாதஸ்வரம் வாசித்தார்கள். பசுவையும் கன்றையும் ஓட்டிவந்தார்கள். பசு பாட்டுக்கு உள்ளே போனது, நடுக்கூடத்தில் சாணி போட்டது, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அடுத்து நெடுமாறனின் மனைவி பொற்கொடி நிறைகுடத்தோடு வந்தார். வலது காலைத் தூக்கிப் படியில் வைக்கப் போனவர் என்னவோ தோன்றி நிமிர்ந்தார். தூக்கிய கால் பின்னால் போனது.

"இன்னாங்க, அது நம்மளப் பாக்குது."

"இன்னாடி சொல்ற, வை கால."

"தெருவப் பாக்கலங்க. நம்மளத்தான் பாக்குது. வாயத் தொறந்துகினு."

நெடுமாறன் நிமிர்ந்தார். நான் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டடி பின்னால் வந்தார், பார்த்தார். இடது பக்கம் போனார், பார்த்தார். படியருகே போய் நின்று மறுபடி அண்ணாந்தார். தன் முகத்தையும் தன் வாயையும் தன் மோதிரத்தையும் பார்த்துக் கூசாத ஆள், அந்தக் கண் தன் மேல் விழுந்ததும் சட்டென்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி.

"ஏம்மா டீச்சர், ஏறி மாத்தும்மா அத."

"தொறந்த கண்ணத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? உங்கப்பா வூட்டுலயும் அப்பிடித்தான்னீங்க."

"அப்ப கழட்டி எறக்குங்கடா!"

"ஐயோ, வேணாங்க" என்று பொற்கொடி கத்திவிட்டார். "கண்ணத் தொறந்தத கழட்டினா குடும்பத்துக்கு ஆவாதுங்க." அந்த அம்மா குடத்தை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பிரஷ்ஷை மறுபடி கையில் எடுக்கவில்லை.

பத்தே காலுக்கு ஐயர்தான் வழி சொன்னார், கொல்லைப் பக்கம் ஒரு கதவு இருக்கிறதே என்று. நிறைகுடம் முன்னால் போக, சாமி படம் பின்னால் போக, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெடுமாறன் சமையல் பந்தலைச் சுற்றி, வெங்காயச் சருகை மிதித்து, மூன்று மாடி வீட்டுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தார். சொந்தக்காரர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். அம்மா இருந்திருந்தால் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து இதைக் காட்டியிருப்பேன். அவள் இல்லாததை நினைத்து அங்கேயே அழுகை வந்துவிட்டது.

முன்வாசல் வெறிச்சென்று கிடந்தது. சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பதினெட்டு சீர்வரிசைத் தட்டுகளும் பாயில் அப்படியே இருந்தன. உள்ளே இருந்து சூப்பர்வைசர், "டேய், தட்ட எடுத்தாங்கடா யாராச்சும்" என்று கத்தினார். ஆட்கள் படத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்குட்டுவன் ஏணியை மெதுவாகத் தரையில் படுக்க வைத்தார். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறி, அண்ணாந்துகூடப் பார்க்காமல், முன்வாசல் வழியாக உள்ளே போனார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. முப்பது பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. செங்குட்டுவனைக் கேட்காமல் அவர் பிழைப்பை வைத்து நான் விளையாடினேன் என்பது நிஜம், அதை மறைக்கப் போவதில்லை. இப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் மூட்டை தூக்குகிறார். தோளில் தோல் உரிந்திருக்கிறது. படம் அங்கேயேதான் இருக்கிறது. கழற்றப் பயந்து அதன் மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். காற்றடித்தால் தார்ப்பாய் விலகிவிடுகிறதாம், அந்த வீட்டார் இன்னமும் கொல்லைப் பக்கமாகத்தான் போய்வருகிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள்.

மண்டி வேலைக்குப் போன முதல் வாரம் முழுக்கச் செங்குட்டுவன் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், படுத்தார், போனார். நான் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஏதாவது திட்டினால் தேவலை என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவர் தோளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் நானே கேட்டேன்.

"எம்மேல கோவமா?"

"கோவம் இல்லாம?" என்றார். வெளுத்த சுவரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. வலியில் நெளிகிறார் என்று கையை எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணுடி. அந்த வூட்டு முன்வாசல்ல, மாட்டுக்கு அப்புறம் மொத ஆளாப் போனது நாந்தான்."